கையில கீறதத்தான் வுட முடியும்

என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, "புதுசா சேந்த புள்ளைங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்"னாங்க. நாலு வார்த்தையெல்லாம் என்கிட்ட இல்ல. ஒரு வார்த்தைதான் கீது. அந்த ஒரு வார்த்தை எங்களோட பல மாச வேலைய ஒரே நொடியில தூளாக்குச்சு. ஒரு நல்ல மனுஷனோட பொழப்பையும் சேத்து வாரிக்கினு போகப் பாத்துச்சு. அதச் சொல்லிட்டு எழுந்து போயிடறேன். போன் நோண்டறவங்க தாராளமா நோண்டுங்க. ஆனா டீ வந்ததும் "அந்தம்மா இன்னா சொல்லுச்சு?"ன்னு பக்கத்து ஆளக் கேக்கக் கூடாது.

என் பேரு கலாவதி. இங்க எல்லாருக்கும் கலாக்கா. ராயபுரத்துல பொறந்தவ, ராயபுரத்துலயே வாக்கப்பட்டவ. மீட்டிங்ல நல்லா இஸ்திரி போட்ட தமிழ் பேசுவேன். கோவம் வந்தா ராயபுரம் வந்துரும், அத யாராலயும் தடுக்க முடியாது. ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்த ஷெட்ல சோதனைப் பாதுகாப்பு என் பொறுப்பு. எந்தச் சோதனையும் என் கையெழுத்து இல்லாம ஆரம்பிக்காது, ஏதாவது ஒடஞ்சா ஏன் ஒடஞ்சுதுன்னு எழுதறதும் நான்தான்.

இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சவர நாங்க அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். வேற கிரகத்துல பறக்கறதுக்கு ஊர்தி செய்யற எடத்துல முதலாளிய அண்ணாச்சின்னு கூப்பிடறது ஒலகத்துலயே நாமளாத்தான் இருப்போம். அவங்க குடும்பம் தெக்கத்திப் பக்கம். இங்க பக்கத்துல சாத்தாங்காட்டு மார்க்கெட்ல இரும்பு மொத்த வியாபாரம். இவர் மட்டும் படிச்சுட்டு, விமானம் விமானம்னு பத்து ஊர் சுத்திட்டு, கடைசியில திருவொத்தியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவுல ஒரு பழைய ஷெட்டப் புடிச்சாரு. பெங்களூர்ல போய் வைக்கக் கூடாதான்னு கேட்டா, "இரும்பு இங்க இருக்கும்மா, நான் அங்க போயி என்ன செய்ய?"ன்னுவாரு. நம்ம பெரிய சேம்பரப் பாத்திருப்பீங்களே, அது ஒரு காலத்துல ஏதோ ஆலையில எண்ண வச்சிருந்த டேங்க்கு. சாத்தாங்காட்டுல கட்டிங்குக்கு வந்தத, கேஸ் கட்டர் வைக்கப் போறப்ப ஓடிப் போய் நிறுத்தி வாங்கினாரு.

அந்த சேம்பர் எதுக்குன்னு உங்களுக்குப் பாடமா நடத்துவாங்க, நான் சுருக்கமா சொல்றேன். செவ்வாயில காத்து நம்ம காத்துல நூத்துல ஒரு பங்கு கூடத் தேறாது. அந்த இல்லாத காத்தப் புடிச்சு மேல ஏறணும்னா ஊர்தி எடையே இல்லாம இருக்கணும், றெக்க நீளமா இருக்கணும், கண்ணுக்குத் தெரியாத வேகத்துல சுத்தணும். எங்க ஊர்திக்குக் காகிதத்துல பெரிய பேரு ஒண்ணு இருந்துச்சு. ஷெட்ல அதுக்குப் பேரு கொசு. ஒல்லிக் காலு, ஙொய்ங்குனு சத்தம். எண்ணூர்க் கொசுவப் பாத்தவங்களுக்கு வேற பேரே தோணாது.

டேங்க்குல காத்த உறிஞ்சி எடுத்துட்டா செவ்வாய்க் காத்து மாதிரி பண்ணிடலாம். ஆனா பூமியோட இழுப்ப உறிஞ்ச முடியுமா? இங்க கொசுவோட எடை, அங்க இருக்கறத விட ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால சேம்பர் உச்சியில இருந்து ஒரு மெல்லிசு கயிறு விட்டு, கொசுவ எந்நேரமும் லேசா மேல தூக்கிக்கினே இருப்போம், கூடுதல் எடைய அந்தக் கயிறு வாங்கிக்கும். கயித்துக்கு ஒரு லீவர். அழுத்துனா கயிறு பூட்டிக்கும், கொசு பத்திரமா தொங்கும். லீவர விட்டா கயிறு எளகும், கொசு தன் பாட்டுக்குப் பறக்கும். மோட்டார நிறுத்துற பட்டன் தனியா என் கையில. லீவர் முரளி கையில. மைக் அண்ணாச்சி கையில, அதுல பேசறதெல்லாம் பதிவாகும்.

முரளி எர்ணாவூர் ஆளு. கடலோரத்துக் குடும்பம், சுனாமிக்கு அப்புறம் குடியிருப்புல வீடு கெடச்சு வந்தவங்க. டிப்ளமா முடிச்சுட்டு ரெண்டு மூணு பட்டறை மாறி எங்ககிட்ட வந்தான். கல்யாணம் ஆகி, பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்துச்சு. வாயத் தொறந்தா நிறுத்த மாட்டான், ஆனா லீவர்ல கை வச்சுட்டா கண்ண சிமிட்ட மாட்டான். சேம்பர் பக்கம் நிக்கறதுதான் அவனுக்கு உசுரு. "என் பொண்ணு ஸ்கூல்ல எங்கப்பா செவ்வாய்ல கயிறு புடிக்கறாருன்னு சொல்லிக்கினு திரியுதுக்கா, டீச்சரம்மா என்னக் கூப்பிட்டு விசாரிச்சாங்க"ன்னு ஒரு நாள் பெருமையா சொன்னான்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன்.

எங்களுக்கு வேலை குடுத்த பெரிய எடத்துல இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாரு. புது றெக்க போட்ட கொசு பறக்கறத அவர் கண்ணால பாத்துட்டா, அடுத்த கட்ட வேலை நமக்கு. இல்லன்னா வேற ஊர்க் கம்பெனிக்கு. அது எல்லாருக்கும் தெரியும், அதனால காலையில இருந்தே எவனும் சரியா சாப்பிடல. வெளிய ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்குது. லாரி ஓடுனா தரை அதிரும், அதனால அது ஜாம் ஆகி நிக்கிற நேரமாப் பாத்துத்தான் சோதனைய வைப்போம். ஊரே திட்டற ட்ராபிக் ஜாமுக்கு நாங்க மட்டும் சாமி கும்புடுவோம்.

கொசு எழுந்துச்சு. அழகா எழுந்துச்சு. அப்புறம் ஆட ஆரம்பிச்சுது. மொதல்ல லேசா, அப்புறம் தொட்டில் மாதிரி, அப்புறம் சுவத்த நோக்கி. முரளி லீவர அழுத்திட்டான், கயிறு பூட்டிக்கிச்சு. கொசு தொங்குது, ஆனா றெக்க இன்னும் முழு வேகத்துல சுத்துது, தொங்கற எடத்துலயே திமிறுது. அப்ப அண்ணாச்சி மைக்ல சொன்னாரு.

"விட்ரு முரளி, விட்ரு!"

அவர் சொன்னது, போதும், இந்த ஓட்டத்த இதோட விட்ரு, நிறுத்திக்கலாம்னு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. நான் மோட்டார் பட்டன அமுக்கினேன். முரளிக்கு, புடிச்சிருக்கிற லீவர விட்ருன்னு கேட்டுச்சு. அவன் விட்டான். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைக்குக் கீழ்ப்படிஞ்சோம், ஒரே நேரத்துல. மோட்டாரும் இல்ல, கயித்துப் பூட்டும் இல்ல. கொசு கல்லு மாதிரி கீழ வந்து விழுந்துச்சு. ஒரு றெக்க கூட மிஞ்சல.

சேம்பருக்குள்ள காத்து இல்லாததால சத்தம் கூடப் பெருசா வரல.  சின்னக் கண்ணாடி வழியா பாத்தா, கீழ கருப்பு கருப்பா துண்டு கெடக்குது.

நீங்க கேப்பீங்க, ஒழுங்கான கட்டளை வார்த்தைங்க இல்லையான்னு. இருந்துச்சு கண்ணுங்களா. ஹோல்ட்னா கயித்தப் பூட்டு, ரிலீஸ்னா எளக்கு, அபார்ட்னா ஓட்டத்தையே நிறுத்து. சுவத்துல பெரிய எழுத்துல ஒட்டியிருந்துச்சு. ஒத்திகையில எல்லாம் அண்ணாச்சி ஹோல்ட், ரிலீஸ்னு வெள்ளக்காரன் மாதிரிதான் சொல்லுவாரு. ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கறப்ப எவன் வாயில இங்கிலீஷ் வரும்? அம்மா கத்துக்குடுத்ததுதான் வரும். தெக்கத்தி வாயில அது 'விட்ரு', நம்ம வாயில 'வுட்ரு'. ரெண்டும் ஒரே வார்த்தை. புடிச்சதக் கைவிடறதுக்கும் அதான். பேச்ச நிறுத்தறதுக்கும் அதான். சண்டையில சமாதானத்துக்கும் அதான். பஸ் கண்டக்டருக்கு வண்டிய எடுக்கறதுக்கும் அதான். ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றோம்னு கணக்கே இல்லாத வார்த்தை, அதனாலயே யாருக்கும் அதுமேல சந்தேகம் வரல.

அதிகாரி கெட்டவர் இல்ல. அத மொதல்ல சொல்லிடறேன், கதைன்னா ஒரு வில்லன் வேணும்னு தேடுவீங்க. சத்தம் போடல, யாரையும் திட்டல. டீ குடிச்சுட்டு என்கிட்ட வந்து உக்காந்தாரு.

"காரணம் என்னன்னு நீங்கதான எழுதணும்?"

"ஆமா சார்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? சொன்னது ஒரு வார்த்தை. நீங்க சரியாப் புரிஞ்சுகிட்டீங்க, பட்டன அமுத்தினீங்க. அவர் தப்பாப் புரிஞ்சுகிட்டாரு. லீவர்ல நின்னவரோட தவறுன்னு எழுதுங்க. அவர வேலைய விட்டு அனுப்பச் சொல்லல. சேம்பர் பக்கம் வராத மாதிரி மாத்துங்க, போதும். நான் மேல போய் காரணம் தெரிஞ்சுடுச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடுவேன். வேலை உங்ககிட்டயே இருக்கும்."

நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரு வரி. அந்த ஒரு வரிய எழுதிட்டா ஷெட்ல இருக்கிற அத்தன பேருக்கும் சோறு. எழுதலன்னா எல்லாருக்கும் திண்டாட்டம். அவர் சொல்றதுல பொய்யும் இல்ல, லீவர விட்டது முரளி கைதான். ஆனா நம்ம தொழில்ல அந்த வரி ஒரு தடவ பேருக்குப் பக்கத்துல ஏறிடுச்சுன்னா, அப்புறம் எந்தக் கம்பெனியும் அவன லீவர் பக்கம் விடாது. குடோன்ல பெட்டி அடுக்கத்தான் விடும். பொண்ணுகிட்ட அவன் இன்னா சொல்லுவான்? எனக்கு அதுதான் ஓடுச்சு மண்டையில.

"சாயங்காலத்துக்குள்ள எழுதித் தர்றேன் சார்"னேன். இது ஒண்ணு கத்துக்கோங்க. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் பேனாவ நீட்டினா, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும், எழுந்து ஒரு நட நடந்துட்டு வாங்க.

அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். மனுஷன் ஒடஞ்ச றெக்கத் துண்டு ஒண்ண மேசையில வச்சுப் பாத்துக்கினே உக்காந்திருந்தாரு.

"அவனுக்குப் புரிஞ்சிருக்கணும்லாம்மா?"ன்னாரு. "கொசு ஆடிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல எவனாவது கயித்த விடச் சொல்லுவானா? கொஞ்சம் யோசிச்சிருக்க வேண்டாமா?"

"யோசிக்காம நீங்க சொன்னத செய்யணும்னுதான் அவனுக்கு ஒத்திகையே குடுத்தோம் அண்ணாச்சி."

அவருக்குக் கோவம் ஏறி மொகம் செவந்துச்சு, அப்புறம் எறங்கிடுச்சு. "எனக்கு நெஞ்சு பதறிட்டு. வாயில வந்துட்டு. இப்ப நான் என்ன செய்ய? அதிகாரிகிட்ட போயி நான் ஒளறிட்டேன்னு சொன்னா, இந்த ஆள நம்பி எப்படி வேலை குடுப்பான்?" அதுவும் நெசந்தான். அவரயும் தப்பு சொல்ல முடியல.

முரளி பின்னாடி, சேம்பர் காலுக்குப் பக்கத்துல குந்திக்கினு இருந்தான். டீ ஆறிப் போயிருந்துச்சு. எனக்கு அவன் மேல பரிதாபமும் இருந்துச்சு, கடுப்பும் இருந்துச்சு.

"ஏன்டா வுட்ட? எனக்கு நிறுத்துன்னு கேட்டுதே, உனக்கு இன்னா வந்துச்சு?"

அவன் நிமுந்து கூட பாக்கல. "உன் கையில இன்னாக்கா இருந்துச்சு?"

"பட்டன்."

"பட்டன வுட முடியுமா? அமுக்கத்தான் முடியும். என் கையில லீவர் இருந்துச்சு. அவுரு வுட்ருனாரு. கையில கீறதத்தான வுட முடியும்?"

 அதிகாரி சொன்னாரே, நீங்க சரியாப் புரிஞ்சுகிட்டீங்க, அவர் தப்பாப் புரிஞ்சுகிட்டாருன்னு. பதில் இதான். எனக்குப் புரிஞ்சது புத்தியால இல்ல, என் கையில கயிறு இல்லாததால. எடத்த மாத்தி என்னை லீவர்ல நிக்க வச்சிருந்தா நானும் விட்டிருப்பேன். இத அதிகாரிகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. "நீங்க உங்க ஆளக் காப்பாத்தப் பாக்குறீங்க, தப்பில்ல, ஆனா நான் இத மேல போய் எப்படிங்க சொல்றது?"ன்னு கேட்டாரு. வார்த்தையால ஒரு வார்த்தையப் புரிய வைக்கறது ரொம்பக் கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் ஆகியும் நான் எழுதல. அவர் கெளம்பற நேரம், கரண்ட் போச்சு. நம்ம ஷெட் வாசல்ல இருந்த பெரிய ஷட்டர் அப்ப கரண்ட்ல ஓடறது. கரண்ட் இல்லன்னா பக்கத்துல தொங்கற சங்கிலிய இழுத்துத்தான் தூக்கணும். உப்புக் காத்துல அதோட கொக்கி தேஞ்சு போய், தூக்கினா நிக்காது, ஒருத்தன் சங்கிலியப் புடிச்சுக்கினே நிக்கணும். அந்த நேரம் பக்கத்துல இருந்தது முரளி. இழுத்துத் தூக்கினான், ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு நின்னான். ஷட்டர் பாதிதான் ஏறிச்சு. அதிகாரி பையத் தோள்ல மாட்டிக்கினு, குனிஞ்சு வெளிய போகப் பாத்தாரு. நான் பின்னாடி. அண்ணாச்சி சங்கிலிப் பக்கம் நின்னு வழியனுப்பறாரு.

முரளிக்கு அதுக்கு மேல தாங்கல. அதிகாரி போயிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியும். "அண்ணாச்சி, நான் வேணும்னு பண்ணல அண்ணாச்சி"ன்னான். 

அண்ணாச்சிக்கு அவன் மொகத்தப் பாக்க முடியல. தலையக் குனிஞ்சுக்கினு, மெதுவா சொன்னாரு, "சரி... விட்ரு முரளி."

 அதிகாரி முதுகு ஷட்டருக்கு நேரா கீழ இருக்கு.

முரளி விடல. சங்கிலிய இன்னும் இறுக்கிப் புடிச்சான். அப்படியே கேட்டான்.

"எத்த அண்ணாச்சி? சங்கிலியவா, பேச்சயா?"

 அவன் கிண்டலுக்குக் கேக்கல, அது அவன் மொகத்தப் பாத்த யாருக்கும் தெரியும். அவனுக்கு நெசமாவே பயம். இனிமே இந்த வார்த்தையக் கேட்டா கேக்காம எதையும் விடக் கூடாதுன்னு அவனுக்குள்ள எறங்கிப் போச்சு. அண்ணாச்சி ஷட்டரப் பாத்தாரு, கீழ நிக்கிறவரப் பாத்தாரு, தான் இன்னா சொன்னோம்னு அப்பதான் அவருக்கே உறைச்சுது. ஒரே தாவு தாவி அவரும் சங்கிலியப் புடிச்சாரு. "பேச்ச முரளி, பேச்ச. சங்கிலிய விடாதல. ஐயா, நீங்க மொதல்ல உள்ள வந்துருங்க"ன்னாரு.

அதிகாரி குனிஞ்சபடியே ரெண்டு அடி பின்னாடி வந்தாரு. நிமுந்தாரு. ஷட்டர ஒரு தடவ பாத்தாரு, முரளிய ஒரு தடவ பாத்தாரு. சிரிக்கல. பையக் கழட்டி மேசையில வச்சாரு.

"கரண்ட் வந்ததும் அந்த ஆடியோவ இன்னொரு தடவ போடுங்க"ன்னாரு.

கரண்ட் வந்துச்சு, போட்டோம். விட்ரு முரளி, விட்ரு. அவர் கண்ண மூடிக்கினு கேட்டாரு. அண்ணாச்சி அவர் எதிர்லயே சொன்னாரு, "தப்பு அவன் கையில இல்லங்க, என் வாயில. நீங்க வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டாலும் சரி. நான் இதச் சொல்லாம விட்டா ராத்திரி தூங்க மாட்டேன்." அந்த மனுஷன நான் எத்தனையோ விஷயத்துக்குத் திட்டியிருக்கேன், இப்பவும் திட்டறேன். ஆனா அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருக்கு நான் எப்பவும் எழுந்து நிப்பேன்.

நான் எழுதினேன். காரணம்: ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள், ரெண்டு பேரும் சரியாகவே கீழ்ப்படிந்தார்கள். அதிகாரி படிச்சாரு. "சரி, இதுக்கு மருந்து?"ன்னாரு. "ஒரு வாய்ப்பு குடுங்க சார், மருந்தோட வர்றோம்"னேன். குடுத்தாரு.

இங்கிலீஷ் வேலைக்கு ஆகாதுன்னு பட்டுப் புரிஞ்சுக்கிட்டோம். நல்ல தமிழ் வார்த்தைங்க ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தோம், எல்லாத்துக்கும் வேற வேற அர்த்தம் ஒட்டிக்கினு வருது. பதட்டத்துலயும் வாயில வரணும், ஆனா வீட்ல, டீக்கடையில எவனும் சொல்லக் கூடாத வார்த்தையா இருக்கணும். எங்க தேடறது? நான் வீட்ல சோத்தப் பிசைஞ்சுக்கினே பொலம்பினேன். என் வூட்டுக்காரர் ஹார்பர்ல சரக்கு எறக்கற எடத்துல கிரேனுக்கு சைகை குடுத்தவரு. அவர் தட்டுல இருந்து நிமுராமலே, "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? கயித்த எளக்கணும்னா 'ஆரியா'ன்னு கத்த வேண்டியதுதான?"ன்னாரு. ஹார்பர்ல எவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும், எந்த பாஷை பேசினாலும், ஆரியான்னா கயித்த எளக்கு, கீழ எறக்கு. வேற ஒண்ணுக்கும் அந்த வார்த்தை ஆகாது. நான் அத வருஷக்கணக்கா வீட்ல கேட்டுக்கினு இருந்தவதான், எனக்குத் தோணவே இல்ல.

அண்ணாச்சி மொகம் சுளிச்சாரு. "என்னம்மா இது, பொண்ணு பேரு மாதிரி இருக்கு?" ஆனா நாலு தடவ சொல்லிப் பாத்ததும் அவருக்கே புடிச்சுப் போச்சு. பூட்டறதுக்கு 'புடி', அது தப்பாக் கேட்டாலும் எதுவும் கீழ விழாது. ஓட்டத்தையே நிறுத்தறதுக்கு 'ரத்து'. எளக்கறதுக்கு 'ஆரியா'. விட்ருங்கற வார்த்தை சேம்பர் பக்கம் யார் வாயிலயும் வரக் கூடாது, வந்தா அன்னிக்கு எல்லாருக்கும் அவங்க செலவுல டீ. அந்த வாரம் பூரா அண்ணாச்சியே டீ வாங்கிக் குடுத்தாரு.

றெக்க புதுசா தயாராக நாளாச்சு. மறு சோதனை அன்னிக்கு அதே அதிகாரி. வந்ததும் கேட்டாரு, "லீவர்ல யாரு?"

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. வேற ஆள நிறுத்தியிருக்கலாம். ஷெட்ல ரெண்டு மூணு பேருக்கு அந்த வேலை தெரியும். அண்ணாச்சியே என்கிட்ட தனியாக் கேட்டாரு, இன்னிக்கு ஒரு நாள் மாத்திப் போடுவோமான்னு. இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா முரளிய யாராலயும் காப்பாத்த முடியாது, என்னாலயும் முடியாது. முரளியே வந்து, "நான் வேணா ஓரமா நிக்கறேன்க்கா"ன்னான். நான் ஒத்துக்கல. ஒரு ஆள் மேல தப்பு இல்லன்னு எழுத்துல எழுதிட்டு, அவன வேற எடத்துல நிறுத்தினா, எழுதினதுக்கு இன்னா மரியாதை? "முரளிதான் சார்"னேன். அதிகாரி சரின்னு தலையாட்டினாரு.

கொசு எழுந்துச்சு. போன தடவ மாதிரியே அழகா. அப்புறம், நம்ப மாட்டீங்க, போன தடவ மாதிரியே ஆட ஆரம்பிச்சுது. முரளி "புடி"ன்னு அவனே சொல்லி லீவர அழுத்தினான். கொசு தொங்கித் திமிறுது. நான் பட்டன் மேல வெரல வச்சிட்டேன். அண்ணாச்சி மைக்க வாய்கிட்ட கொண்டு போனாரு.

"வி..."

அந்த 'வி' இன்னும் ஆடியோவுல கீது. வேணும்னா போட்டுக் கேளுங்க. அந்த 'வி'க்கு அப்புறம் ஒரு சின்ன எடவெளி. மனுஷன் எச்சில முழுங்கற சத்தம். முரளி லீவர்ல இருந்து கைய எடுக்கல, திரும்பியும் பாக்கல, காத்திருந்தான்.

"ரத்து"ன்னாரு.

நான் அமுக்கினேன். றெக்க மெதுவா நின்னுச்சு. கொசு கயித்துல அப்படியே ஊஞ்சல் ஆடிக்கினு தொங்குது, ஒரு கீறல் இல்லாம. பறந்து முடிக்கவே இல்ல அன்னிக்கு. ஆனா அதிகாரி மொகத்துல அன்னிக்குத்தான் மொதல் தடவையா ஒரு தெளிவப் பாத்தேன். "ஒடையாம நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும்"னு சொல்லிட்டு டீ கேட்டாரு. ஆட்டத்துக்குக் காரணம் ஒரு சின்ன கணக்குப் பிழை. அதச் சரி பண்ணி மறுநாள் கொசு எழுந்து, நின்னு, எறங்குச்சு. கயித்த எளக்கச் சொல்லி அண்ணாச்சி "ஆரியா"ன்னு கத்தினது எர்ணாவூர் வரைக்கும் கேட்டிருக்கும். வேலையும் நம்மகிட்டயே நின்னுச்சு. அதனாலதான் இன்னிக்கு நீங்க இங்க உக்காந்திருக்கீங்க.

கொசு இன்னும் அங்க போகல. எப்பப் போகும்னு எனக்குத் தெரியாது, நான் இருக்கறப்பவே போகுமான்னும் தெரியாது. ஆனா போற அன்னிக்கு, நீங்க எழுதப் போற கட்டளைங்கதான் அதுகூடப் போகும். இங்க இருந்து ஒரு சேதி சொன்னா போய்ச் சேரவே நிமிஷக்கணக்கா ஆகும். நீங்க எழுதினதுல ரெண்டு அர்த்தம் இருந்துச்சுன்னா, அங்க யாரும் சங்கிலியப் புடிச்சுக்கினு நின்னு "எத்த அண்ணாச்சி?"ன்னு கேக்க மாட்டாங்க. அது பாட்டுக்குக் கையில கீறத விட்டுரும். அதனால எழுதினத ஒரு தடவ வாய்விட்டுப் படிங்க. பட்டன் வச்சிருக்கிறவன் காதால கேளுங்க, அப்புறம் கயிறு வச்சிருக்கிறவன் காதாலயும் கேளுங்க. இங்க இருக்கறப்பவே ஒருத்தன் "எத்த?"ன்னு கேட்டா அவன் மேல எரிஞ்சு விழாதீங்க, அவனுக்கு டீ வாங்கிக் குடுங்க.

கடைசியா ஒண்ணு, அப்புறம் டீ.

நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு, சால்வை, மால, போட்டோ எல்லாம் முடிஞ்சு கெளம்பறேன். எனக்குக் குடுத்த பொருளெல்லாம் ஒரு பெரிய பையில. முரளிதான் பையத் தூக்கிக்கினு கேட் வரைக்கும் வந்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல, வாயே மூடாதவன். டோல்கேட் போற ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு. நான் ஏறி உக்காந்துட்டு கைய நீட்டினேன். அவன் பையக் குடுக்கல, ஒரு காதுப் புடிய நான் புடிச்சிருக்கேன், இன்னொண்ண அவன் புடிச்சிருக்கான். டிரைவர் ஹாரன் அடிக்கறான்.

"வுடு முரளி"ன்னேன்.

"எத்தக்கா?"ன்னான். கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருந்துச்சு.

 பையத்தான்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆட்டோவுல இருந்தவங்க எல்லாம் எங்களையே பாக்கறாங்க.

"ஆரியா"ன்னேன்.

அவன் கைய எடுத்தான். ஆட்டோ கெளம்புச்சு.